அந்த வீட்டுச் சாப்பாடு ஓசி இல்லை

சில மாதங்களாக யூடியூபில் ஒரே மாதிரித் தலைப்புகள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. பைசா செலவில்லாமல் துருக்கி, ஓசியில் கிரீஸ், சிசிலியில் சாப்பாடும் தங்கலும் ஃப்ரீ. எல்லாம் நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் கிளம்பியிருக்கிறார்களே என்று உண்மையிலேயே சந்தோஷப்படுகிறேன். ஆனால் அந்த 'ஓசி' என்ற வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தட்டில் இருந்ததற்கு யாரோ செலவு செய்திருக்கிறார்கள். அவர்கள் யார், என்ன செலவு செய்தார்கள் என்று வீடியோவில் ஒரு வரிகூட வருவதில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி வந்தவள் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

லிசியன் பாதை என்று ஒன்று உண்டு. தென்மேற்குத் துருக்கியில் ஃபெத்தியே பக்கம் தொடங்கி அந்தால்யா வரை, பெரும்பாலும் கடலைப் பார்த்தபடியே மலைமேல் போகும் நடைபாதை. 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆடு மேய்ப்பவர்களின் தடங்களையும் ரோமானியர் காலத்துச் சாலைகளையும் சேர்த்து, கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடையாளமிட்டு 1999இல் திறந்தது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

கல்கான் ஊருக்கு மேலே, பெசிர்கான் சமவெளியைத் தாண்டிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மார்ச் கடைசி. கீழே கடற்கரையில் வெயில் அடிக்கும், மேலே விரல் விறைக்கும். ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டார். உள்ளே இழுத்து உட்கார வைத்து, ஈரச் சாக்ஸை உருவிக் கணப்பின் பக்கத்தில் காயப்போட்ட பிறகுதான் என் பெயரையே கேட்டார். எனக்குத் துருக்கி மொழி பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அவருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. தரையில் துணி விரித்து, மேலே வட்டப் பலகையைப் போட்டு, விரல் தடிமன் உள்ள நீளக் குச்சியால் மாவைத் தேய்க்க ஆரம்பித்தார். மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்ததும் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கல்லில் போட்டார். நான் சாப்பிடச் சாப்பிட அடுத்தது வந்துகொண்டே இருந்தது. போதும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு வந்தன. அப்புறம் பால் இல்லாத டீ, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில், காலியானதும் நிரம்பியபடி.

இதுவரைக்கும்தான் வீடியோவில் வரும். வராதது இது: அந்த வீட்டில் சூடான அறை ஒன்றே ஒன்று. நடுவில் இரும்புக் கணப்பு, அதன் பக்கத்தில் அந்த அம்மாவின் படுக்கை. இரவு அதை எனக்கு விரித்துவிட்டு அவர் குளிர்ந்து கிடந்த உள்ளறைக்குப் போய்விட்டார். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து வந்து கணப்பில் கட்டை போட்டுவிட்டுப் போனார். குளிர்காலம் முடிகிற நேரத்தில் மலைவீட்டு விறகடுக்கு எந்த அளவில் இருக்கும் என்று காலையில் கொல்லைப்புறம் போனபோது பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. பணத்தை எடுத்தேன், முகம் மாறிவிட்டது. உடனே உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த விறகுதான் செலவு. அந்த ராத்திரித் தூக்கமும் செலவுதான்.

இதைச் 'சுபாவம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். துருக்கிக்காரர்கள் தங்கமான மனுஷங்க, கிரேக்கர்கள் வெள்ளந்தி, இப்படி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தால், வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதை மனுஷனின் நல்ல மனசை மட்டும் நம்பி அவர்கள் விட்டுவைக்கவில்லை. லிசியன் பாதையில் அங்கங்கே கல்லால் கட்டி மேலே வளைவாக மூடிய பழைய மழைநீர்த் தொட்டிகள் இருக்கின்றன. ஆட்டுக்கும் ஆளுக்கும் தண்ணீர். அந்தால்யா, அலான்யா துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வணிகப் பாதைகளில், அப்போது அங்கே ஆண்ட செல்ஜுக் சுல்தான்கள் 13ஆம் நூற்றாண்டில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். அக்சராய் பக்கத்துச் சுல்தான் ஹான் (ஹான் என்றால் சத்திரம்) 1229இல் கட்டியது, இன்றும் போய்ப் பார்க்கலாம். வருகிறவருக்கு மூன்று நாள் தங்கலும் சாப்பாடும், வண்டிமாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமும். இதற்கென்று நிலமும் வருமானமும் எழுதி வைத்தார்கள். கைசேரிக்குப் பக்கத்திலுள்ள கராதாய் ஹானின் அறக்கட்டளைப் பத்திரத்தில், வருகிறவர் முஸ்லிமா இல்லையா, ஆணா பெண்ணா, சுதந்திரமானவரா அடிமையா என்று பார்க்காமல் உணவு கொடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக மராத்திய அரசர்கள் கட்டிய சத்திரங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா. சரி, அதற்குள் போனால் பதிவு நீண்டுவிடும்.

கிரீஸின் கிரீட் தீவுக்கு வருகிறேன்.

நான் போனது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிரீஸில் கிடையாது, ஊரே இறைச்சியையும் பாலையும் விட்டிருக்கும். ஸ்ஃபாக்கியா மலைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டுக் காசு கேட்டேன். கொடுத்தாயிற்று என்றார் கடைக்காரர். யார் என்று கேட்டால் வாசலைக் காட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் நன்றி சொன்னேன். இந்தியாவா என்று கேட்டார். ராஜ் கபூர் என்றார். 1950களில் இந்திப் படங்களும் பாட்டுகளும் கிரீஸிலும் துருக்கியிலும் பட்டிதொட்டியெங்கும் ஓடியிருக்கின்றன, அந்தத் தலைமுறைக்கு அது இன்னும் மறக்கவில்லை. பிறகு அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. மலையில் பறித்த கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு, கூடவே கல் மாதிரி இருக்கும் பார்லி ரஸ்க், அதன்மேல் தக்காளி. அவர் மனைவி என் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

இந்தத் தீவில் ஒருவரை வீட்டுக்குள் விட்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று ப்ரெவெலி மடாலயம். கீழே பனைமரங்கள் நிற்கும் கடற்கரைக்குத்தான் எல்லோரும் போவார்கள், மேலே இருக்கும் மடாலயத்தைப் பலர் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1941 மே மாதம் கிரீட் ஜெர்மனியிடம் விழுந்தபோது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைவீரர்கள் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். துறவிகளும் சுற்றுவட்டாரக் கிராமத்தார்களும் அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டு, அந்தக் கோடையிலேயே நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்து ஜெர்மானியர்கள் மடத்தைச் சூறையாடினார்கள்.

இன்னொன்று அனோயா என்ற மலைக்கிராமம். ஜெர்மன் ஜெனரல் க்ரைப்பேயைக் கடத்தியவர்களுக்கு இடம் கொடுத்தது, பிரிட்டிஷ் உளவாளிகளுக்கு அடைக்கலம் தந்தது என்று குற்றம் சாட்டி, 1944 ஆகஸ்டில் அந்த ஊரையே தரைமட்டமாக்க உத்தரவு வந்தது. ஊருக்குள்ளும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் கண்ணில் படும் ஆண்கள் அத்தனை பேரையும் சுட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. அதைக் கல்லில் பொறித்து ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். நின்று படித்தேன். படித்து முடித்துத் திரும்பினால், பக்கத்துக் கடைப் பெண்மணி உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு மத்தியதரைக் கடல் மக்களே மகத்தானவர்கள் என்று யாராவது எழுதிவிடப் போகிறீர்கள். அதனால் போர்த்தோபாலோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியின் சிசிலித் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள மீனவர் ஊர் அது. 1996 டிசம்பர் 26 அதிகாலையில் அந்தக் கடலில் ஒரு சின்னப் படகு மூழ்கியது. பெரிய கப்பலிலிருந்து நடுக்கடலில் அதில் அடைத்து ஏற்றப்பட்டவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்தவர்கள். குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் பலர் அதில் இருந்தார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அந்த ஊர் மீனவர்களின் வலைகளில் உடல்கள் வந்தன. விசாரணை என்றால் படகை முடக்குவார்கள், தொழில் போகும் என்ற பயத்தில் அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். பல ஆண்டுகள் ஊரே வாயைத் திறக்கவில்லை. சால்வத்தோரே லூப்போ என்ற மீனவரின் வலையில் ஒரு துணியோடு அடையாள அட்டை ஒன்று வந்தது. 17 வயது இலங்கைத் தமிழ்ப் பையனுடையது. அவர் அதைப் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனார். 2001இல் கடலடியில் படகு இருப்பது படமெடுக்கப்பட்டது, உலகம் நம்பியது. ஊரில் பலர் லூப்போவைத் துரோகி என்றார்கள்.

ஒரே ஊர், ஒரே வலை, ஒரே பிழைப்பு. ஒருவர் மட்டும் வேறு மாதிரி முடிவெடுத்தார். விருந்தோம்பலை ஒரு இனத்தின் குணம் என்று ஏற்க நான் மறுப்பது இதனால்தான். கதவைத் திறக்கிறவர் ஒவ்வொரு தடவையும் தானே முடிவெடுத்துத் திறக்கிறார். நட்டமும் அவருக்குத்தான்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சிசிலியின் பலெர்மோ நகரில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அங்கே கணிசமான ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பல்லாரோ சந்தையில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"எங்க தங்கியிருக்கிறீங்கள், தங்கச்சி?"

"ஹாஸ்டல்லங்க அக்கா."

"அதை விடுங்கோ. இரவுக்கு எங்கட வீட்டை வாங்கோ, புட்டு அவிக்கிறன்."

பகலெல்லாம் ஒரு சிசிலிப் பாட்டியைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. நின்று நின்று கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு எனக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். மறுநாள் ஞாயிறு. மோந்தே பெல்லக்ரினோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்தவத் தமிழர்களும் இந்துத் தமிழர்களும் சேர்ந்தே ஏறுகிறார்கள். வழியில்தான் அந்தப் படகைப் பற்றிச் சொன்னார். "எங்கட பொடியளும் அதில வந்தவங்கள். நாங்கள் வந்து சேர்ந்தனாங்கள், அவங்கள் வந்து சேரேல்ல." பிறகு வெகுநேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை.

இன்று அந்தக் கடலில் அகதிகளாக வருகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். 2015இல் மட்டும் கிரீஸின் லெஸ்வோஸ் தீவில் 5 லட்சத்துக்கும் மேல் வந்து இறங்கினார்கள். ஸ்காலா சிக்கமினியாஸ் என்ற மீனவர் ஊரில் கிரேக்கப் பாட்டிகள் அகதிக் குழந்தைக்குப் பால் புகட்டிய படம் உலகெங்கும் போனது. அந்தப் பாட்டிகளின் பெற்றோரும் 1922இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, உயிர் பிழைத்துப் படகில் வந்தவர்கள். பிரான்ஸ்–இத்தாலி எல்லையில் ரோயா பள்ளத்தாக்கின் ஆலிவ் விவசாயி செத்ரிக் ஹெரூ, அகதிகளைத் தன் நிலத்தில் தங்க வைத்ததற்காக வழக்குகளைச் சந்தித்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம், மனிதாபிமான நோக்கில் ஒருவருக்கு உதவும் உரிமை சகோதரத்துவக் கொள்கையிலிருந்தே வருகிறது, அவரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை என்று சொன்னது. தென் இத்தாலியின் ரியாச்சே ஊர் மேயராக இருந்தபோது தொமெனிக்கோ லுக்கானோ ஆளில்லாத வீடுகளில் அகதிகளைக் குடியமர்த்தியவர். அந்தத் திட்டங்களை ஒட்டிய வழக்கில் 2021இல் 13 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஒன்றரை ஆண்டாகக் குறைந்தது.

எனக்கும் அகதிகளுக்கும் நடுவில் இருந்தது ஐரோப்பிய நாடுகளுக்குள் விடும் ஒரு ஷெங்கன் விசா ஒட்டிய பாஸ்போர்ட். அந்த விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, எந்த இரவு எங்கே தங்குவேன் என்பதற்கு ஆதாரம் எல்லாம் கொடுத்தேன். அந்தக் காகிதக் கட்டு என்னிடம் இருந்ததால் நான் விருந்தாளி. இல்லாதவரை அதே கரையில் முள்கம்பிக்குள் வைக்கிறார்கள். இது அநியாயம். பையை மாட்டிக்கொண்டு அங்கே போகிற நாம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் சாப்பிட்டவர்கள் நாம்.

சரி, போகப் போகிறவர்களுக்கு, குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்களுக்கு. யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று நான் சொல்லவே இல்லை. வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும், நான் அங்கே இருப்பது ஊரில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் தளர்த்தியதே இல்லை. துருக்கிக் கிராமங்களில் முஹ்தார் என்ற ஊர்த்தலைவர் இருப்பார். நேராக அவரிடம் போய்க் கேட்டால் அவர் பொறுப்பில் ஒரு வீடு காட்டுவார், யாருக்கும் சங்கடமில்லை. பான்சியோன், அதாவது காசுக்குத் தங்க விடும் வீடு, என்று பலகை போட்டிருந்தால் அது அவர்கள் பிழைப்பு, பேரம் பேசாமல் காசு கொடுங்கள். காசு வாங்காத வீட்டில் காய் நறுக்குங்கள், பாத்திரம் தேயுங்கள், அந்த ஊர்க் கடையிலேயே சர்க்கரை, டீத்தூள் வாங்கிக் கொடுங்கள். சமையற்கட்டில் கேமராவை எடுக்காதீர்கள். இரண்டாவது இரவுக்கு வலிய அழைத்தால் தவிர இருக்காதீர்கள். ஊர் திரும்பியதும் அவர்களை எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள், முகவரியை முஹ்தாரே எழுதித் தருவார். லிசியன் பாதைக்கு ஏப்ரலும் அக்டோபரும் சரி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், தொட்டிகளில் தண்ணீர் இருக்குமென்று நம்ப முடியாது.