எஸ்விஜி பின்னணி: இங்க்ஸ்கேப் பக்க நிறம் போதாது

எஸ்விஜி என்பது உருவங்களை டேகுகளாக (குறிச்சொற்களாக) எழுதி வைக்கும் படக் கோப்பு; இங்க்ஸ்கேப் அதை வரையும் மென்பொருள். "இங்க்ஸ்கேப்பில் பக்க நிறத்தை மாற்றினால் எஸ்விஜி கோப்புக்குப் பின்னணி வந்துவிடும், இல்லையென்றால் எஸ்விஜி டேகில் ஃபில் கொடுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

பக்க நிறம் கோப்பில் சேமிக்கப்படுவது உண்மைதான். ஆனால் அது இங்க்ஸ்கேப் தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சட்டை செய்வதில்லை. ஃபில், அதாவது உருவங்களுக்குள் நிரப்பும் நிறம், இன்னும் மோசம். பின்னணி அப்படியே இருக்கும், தனக்கென நிறம் சொல்லாத உருவங்கள் எல்லாம் அந்த நிறத்துக்கு மாறிவிடும்.

எஸ்விஜி டேகின் ஸ்டைலில் பேக்கிரவுண்ட் நிறம் கொடுத்தால் பிரவுசரில் வேலை செய்யும். அதே கோப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் நிறம் காணாமல் போகும். இணையப் பக்கத்துக்கு மட்டும் என்றால் அது போதும்.

எல்லா இடத்திலும் தெரிய வேண்டுமென்றால் அகலம், உயரம் இரண்டும் 100% உள்ள ஒரு ரெக்ட் (செவ்வகம்) போடுங்கள். அதை மற்ற எல்லா உருவங்களுக்கும் முன்னால் எழுத வேண்டும்; எஸ்விஜியில் முதலில் எழுதியதுதான் அடியில் போகும். கடைசியில் போட்டுவிட்டு "படமே காணோம்" என்று தேடுபவர்கள் நிறைய!

அப்புறம், வியூபாக்ஸ் (படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்கள்) -50 -50 என்று தொடங்கினால் ரெக்டின் எக்ஸ், ஒய் மதிப்புகளையும் -50 ஆக்குங்கள். சொல்லாவிட்டால் அவை 0 என்றே கொள்ளப்படும், இடப்பக்கமும் மேலேயும் நிறமில்லாத பட்டை விழும்.