எழுதாமல் விட்ட ஒரு வரி

ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. அதை வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் மீது சொன்ன முக்கியக் குற்றம். 1991 ஜூனில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. எதற்கு வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என அவர் சொல்லியிருக்கிறார். அந்த வரியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் வெளியே சொன்னார். 22 வருடம் கழித்து! அந்த வரி இல்லாத தாளை நம்பித்தான் தூக்கு விதித்தார்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கில் செல்லாது. 1872-இல் வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டமே அதை ஏற்கவில்லை; ஸ்டேஷனில் வாக்குமூலம் எப்படி வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பயங்கரவாத வழக்குகளுக்கென்று வந்த தடா சட்டம் அந்தத் தடுப்பை உடைத்தது. எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் எழுதிக்கொண்டால் போதும். 1999-இல் உச்ச நீதிமன்றம் ராஜீவ் வழக்கின் 26 பேரில் 19 பேரை விடுவித்தது, இது தடா குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம். எத்தனை முறை படித்தாலும் என் மனசு ஏற்க மறுக்கிறது.

குண்டு வைத்தவனை விட்டுவிடச் சொல்லவில்லை. 1998-இல் கோவையில் 58 பேர் செத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வேண்டியது உண்மையான குற்றவாளி, கையில் சிக்கிய யாரோ ஒருவர் அல்ல.

தடா 1995-இல் காலாவதியானது. அதே மாதிரி பொடா என்ற சட்டம் வந்தது, ஒரு மேடைப் பேச்சுக்காக வைகோ ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். 2004-இல் அதுவும் போனது. போன கையோடு அதன் பெரும்பகுதியை உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

உபாவில் போலீஸ் வாக்குமூலம் செல்லாது, உண்மைதான். ஆனால் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-இல் 43டி(5) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று பட்டாலே ஜாமீன் கிடையாது. ஜாமீன் கட்டத்தில் ஆதாரத்தைத் துருவிப் பார்க்காதே என்று 2019-இல் வட்டாலி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. கொலை வழக்கில்கூட இப்படி நீதிபதியின் கையைக் கட்டுவதில்லை. மறுபடியும் போலீஸ் எழுதியதுதான் வேதம்.

ஸ்டேன் சுவாமி திருச்சிப் பக்கம் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபரில் 83 வயதில் அவரை உபாவில் கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோய்; கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அதற்குப் பதில் சொல்ல, தேசியப் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார். விசாரணை தொடங்கவே இல்லை.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் ஜாமீன் தரலாம் என்று அதே 2021-இல் நஜீப் என்ற உபா கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆனால் அதற்குள் நஜீப் ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

43டி(5)-ஐ எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆதாரத்தைப் புரட்டிப் பார்த்து நீதிபதி முடிவு செய்யட்டும். ஆபத்தான ஆள் என்றால் அப்போதும் ஜாமீன் கிடைக்காது.