நாலாவது சீட்டுக்கு எந்தச் சட்டம்?

அபராதம் கடுமையானால்தான் நம் ஆட்களுக்கு ஒழுங்கு வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எழுதியவர் ஒரு வாரம் மும்பை லோக்கல் ரயிலில் வந்து பார்க்கட்டும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் 'தோடா சர்க்கோ' (கொஞ்சம் நகருங்க) என்றால் மூவரும் நகர்ந்து கொடுப்பார்கள். முதுகுப்பை தானாக நெஞ்சுக்கு வந்துவிடும். நிற்பவர் "எங்கே இறங்குறீங்க?" என்று கேட்டு, உட்கார்ந்திருக்கும் நீங்கள் குர்லா ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டால் அந்த இடம் அவருக்குத்தான், பெரும்பாலும் வேறு யாரும் பாய மாட்டார்கள். ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த எங்கள் தாராவி திருநெல்வேலிக்காரர்கள்கூட வந்த கொஞ்ச நாளில் இதற்குப் பழகிவிடுகிறார்கள். யாரும் பாடம் எடுப்பதில்லை, சுற்றி நிற்பவர்களின் முறைப்பு போதும்.

அதற்காக எல்லாமே நல்ல வழக்கம் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் தூரத்து விராருக்குப் போகும் வேக ரயிலான விரார் ஃபாஸ்ட்டில் ஏறி, வழியிலுள்ள போரிவலியில் இறங்கணும் என்று சொல்லிப் பாருங்கள். டிக்கெட் செல்லும், வண்டியும் அங்கே நிற்கும். வாசலில் நிற்கிற கூட்டம்தான் விடாது. தூரம் போகிறவர்களுக்கே இந்த வண்டி என்பது அவர்களாகப் போட்ட சட்டம். சரி, இதற்கு யாருக்கு அபராதம் போடுவீர்கள்?