ஆட்டத்தை வைத்துப் பிடித்த கோள்

சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் 51 பெகாசி பி என்ற கோளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்தக் கோளை 1995இல் வானியலாளர்கள் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் 'தொலைநோக்கியில் பார்த்தார்கள்' என்று அதில் இருக்கிறது. அவர்கள் கோளைப் பார்க்கவே இல்லை. பார்த்தது அதன் விண்மீனை மட்டும்தான்.

கோள் சுற்றும்போது விண்மீனும் லேசாக இழுபட்டு ஆடும். நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். இந்த விண்மீனின் ஆட்டம் நொடிக்கு ஐம்பத்தைந்து மீட்டர் அளவுதான். மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ரேஸ் கார் அதைவிட வேகமாகப் போகும்! ஏறக்குறைய 50 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதில் இதை அளந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம், இந்தக் கோள் தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றிவிடுகிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நம் வியாழன் சூரியனைச் சுற்ற சுமார் 12 ஆண்டு எடுக்கிறது. வியாழனில் ஏறக்குறைய பாதி எடையாவது இருக்கும் ஒரு வாயுக்கோள் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடித்தால் யார்தான் நம்புவார்கள்? மயோரும் கெலோவுமே சந்தேகப்பட்டு, சில மாதம் பொறுத்து, மறுபடி அளந்த பிறகுதான் அறிவித்தார்கள்.

விண்மீனுக்கு அவ்வளவு அருகில் இருக்கும் இந்தக் கோள் 'அங்கேயே உருவானது' என்று கட்டுரை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம். தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்திருக்கும் என்பதே பலரின் கருத்து. விவாதம் இன்னும் ஓயவில்லை. மற்றபடி நல்ல கட்டுரை, அவர்கள் இருவருக்கும் கிடைத்த 2019 நோபல் பரிசைக் குறிப்பிட்டதற்கு நன்றி.