அத்தை வாங்கிய லித்தியம் வளையல்

போன வாரம் பினாங்கு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அத்தை 85 வெள்ளி கொடுத்து ஊதா மணிகள் கோத்த வளையல் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். லெபிடோலைட் என்ற கல்லாம். "இதுல லித்தியம் இருக்குடா தம்பி, தோல் வழியா இறங்கி நல்லாத் தூக்கம் வருமாம், ஊதா அதிகமானா லித்தியமும் அதிகமாம்" என்கிறார்.

எனக்குக் கோபம் கல் மேல் இல்லை. நல்ல கல்தான். காக்காப்பொன் என்று சொல்வோமே, அந்த மைக்கா குடும்பம். அடுக்கடுக்காகத் தாள் மாதிரி அமைந்திருப்பதால் கத்தி நுனி பட்டாலே ஏடு ஏடாக உரியும், பெயரே கிரேக்கத்தில் செதிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது வெறும் 2.5 முதல் 3.5 வரை, வளையலாகப் போட்டால் தேயாமல் என்ன செய்யும்? அத்தையின் தலையணை உறையில் இப்போதே மினுமினுப்பு ஒட்டிக் கிடக்கிறது.

அப்புறம் அந்த ஊதா. அது லித்தியத்தின் நிறமே இல்லை, கொஞ்சூண்டு மாங்கனீஸ் செய்கிற வேலை.

லித்தியம் இருப்பது நிஜம்தான். சீனாவின் யிச்சுனில் இந்தக் கல்லிலிருந்துதான் பேட்டரிக்கு லித்தியம் எடுக்கிறார்கள். எப்படி என்று கேளுங்கள்: அரைத்து, சல்பேட் உப்புகளோடு கலந்து, 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூளையில் வறுத்து, பிறகுதான் தண்ணீரில் கரைத்து எடுக்க முடிகிறது. சூளையில் வெந்த பிறகே லித்தியத்தை விடுகிற கல் அத்தையின் வியர்வைக்கா இளகிவிடும்?

1861இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் ருபீடியம் என்ற புதுத் தனிமத்தையே இந்தக் கல்லில்தான் கண்டுபிடித்தார்கள், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் தெரிந்த சிவப்புக் கோடுகளை வைத்து. சொல்லி விற்க இவ்வளவு இருக்கும்போது பொய் எதற்கு?

மனநலத்துக்குத் தரும் லித்தியம் வேறு சமாச்சாரம். 1949இல் ஆஸ்திரேலியாவில் மனநல மருத்துவர் ஜான் கேட் எழுதியதிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. அது உப்பாக, மாத்திரையாக, அடிக்கடி ரத்தம் சோதித்து அளவு பார்த்துத் தருவது. கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. யாராவது அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வளையலை நம்பினால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "சரிடா, நிறம் நல்லாத்தானே இருக்கு" என்றார். அதுவரை பரவாயில்லை. அடுத்து, அதே கடையில் இந்தக் கல்லைப் போட்ட தண்ணீர் போத்தலும் இருக்கிறதாம், வாங்கட்டுமா என்று கேட்டார். ஃபுளோரினும் அலுமினியமும் உள்ள கல், ஏடு ஏடாக உதிர்வது, அது ஊறிய தண்ணீரைக் குடிப்பதா? அங்கேதான் நான் சத்தம் போட்டுவிட்டேன்.