வெள்ளி என்றால் எந்த வெள்ளி?

விக்கிப்பீடியாவில் தொடர்புள்ள கட்டுரைகளை ஒழுங்குபடுத்துவது என்றாலே பகுப்பு போடுவது, அதாவது கட்டுரை எந்த வகையில் சேரும் என்று குறிப்பது, அடியில் தொடர்புள்ள தலைப்புகளின் இணைப்புகளை அடுக்கிய ஒரு வார்ப்புருப் பெட்டியை ஒட்டுவது என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

போன வாரம் ஓர் இரவு ‘வெள்ளி’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் அது கோளும்தான், உலோகமும்தான், கிழமையும்தான். ஓர் ஓட்டப்பந்தய வீரரைப் பற்றிய கட்டுரையில் வெள்ளிப் பதக்கத்தைச் சொடுக்கினால் நேராகக் கோளுக்குப் போகிறது. ஓடிக் களைத்தவரை விண்வெளியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்! எழுதியவர் சொல்லுக்கு இருபுறமும் அடைப்புக்குறி போட்டார், இணைப்பு நீலமானது, சரி என்று போய்விட்டார். எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

இப்படி இன்னும் எத்தனை இருக்கும் என்று கோள் கட்டுரையில் ‘இப்பக்கத்தை இணைத்தவை’யை, அதாவது அதற்கு இணைப்பு கொடுத்திருக்கும் பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். அங்கே வேறு கூத்து. சூரியக் குடும்பத்துக்கான பெட்டி எந்தெந்தக் கட்டுரையின் அடியில் இருக்கிறதோ, அத்தனையும் பட்டியலில் வந்து நிற்கின்றன. நெப்டியூனைப் பற்றி எழுதியவர் வெள்ளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். பெட்டிதான் இழுத்து வந்திருக்கிறது. எது நிஜமான தொடர்பு, எது பெட்டியின் உபயம் என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.

இத்தனைக்கும் விக்கிப்பீடியாவைக் கைபேசியில் படிப்பவர்களுக்கு அந்தப் பெட்டி தெரிவதே இல்லை. உள்நுழையாமல் படித்தால் பகுப்பும் தெரியாது. வண்ணம் பார்த்துப் பார்த்து நாம் செய்த அலங்காரம் எல்லாம் யாருக்கு?

பகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூலகத்தில் ஒரு பிரதியை ஓர் அலமாரியில்தான் வைக்க முடியும். விக்கியில் திமிங்கிலம் பாலூட்டியிலும் இருக்கும், கடல்வாழ் உயிரினத்திலும் இருக்கும். 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றியபோது, கட்டுரையின் பெயரைத் தொடாமல் பகுப்பை மாற்ற முடிந்தது. நல்ல வசதிதான். ஆனால் ஒரே ஒரு கட்டுரைக்காக நாலு அடுக்குத் துணைப்பகுப்பு உருவாக்குகிறவர்களை என்ன செய்வது? வாசகர் ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே போனால் கடைசி அறையில் ஒற்றை நாற்காலி.

‘இவற்றையும் பார்க்கவும்’ பகுதியும் அப்படித்தான். வெறும் ஐந்து தலைப்புகள். ஏன் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் அரை வரி இருக்காது.

நான் இப்போது புதுக் கட்டுரை ஒன்றைச் சேமித்ததும், பகுப்புக்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் மூன்று கட்டுரைகளுக்குப் போகிறேன். அங்கே பொருத்தமான வாக்கியத்தைத் தேடி, புதுக் கட்டுரைக்கு இணைப்பு கொடுக்கிறேன். பொருத்தமான வாக்கியம் இல்லையென்றால் ஒன்று எழுதுகிறேன். அதையும் எழுத வரவில்லை என்றால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைத்ததே தப்பு.

வெள்ளியை ஒருவழியாகச் சரிசெய்து முடித்தேன். அடுத்து செவ்வாய் காத்திருக்கிறது. அதிலும் ஒரு கிழமை இருக்கிறது.