ஊற்றுக்கு மேலே வேண்டாம்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடிதண்ணீர் ஊற்றுக்கு மேலே வரப்போகிற ரிசார்ட்டைப் பற்றித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க நின்ற எங்களைப் படம் பிடித்து, "பத்துப் பேர் சேர்ந்து ஊரோட வளர்ச்சியத் தடுக்குறாங்க" என்று போட்டார்களே, அதுதான். மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி என் சித்தப்பா மகனே அதை எனக்கு அனுப்பி, "என்னக்கா இதெல்லாம், நமக்கெதுக்கு?" என்று கேட்டான். அதற்குப் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் பத்துப் பேர் இல்லை. முப்பத்தொரு பேர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கோத்தகிரியில் பஸ் மாறி ஊட்டிக்கு வந்தவர்கள். பாதிக்கு மேல் கொழுந்து பறிக்கிற பெண்கள். வீடியோ எடுத்தவர் எங்களில் ஒருவரிடமாவது "மனுவுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ரிசார்ட்டே கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது. ஊற்றுக்கு மேலே வேண்டாம். அவ்வளவுதான்.

எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே ஒரு புல்வெளி, அதற்குக் கீழே ஒரு சதுப்பு, சதுப்பின் ஓரத்தில் ஒரு துண்டு சோலை. பெய்கிற மழையை அந்தப் புல்லும் சதுப்பும் பிடித்துவைத்து மெதுவாக விடுகின்றன. அதனால்தான் மார்ச், ஏப்ரலில்கூட ஊற்றில் தண்ணீர் வருகிறது. சின்ன வயதில் அம்மாவோடு குடம் எடுத்துப் போகும்போது கல்லுக்கடியில் நண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். நண்டு இருக்கிற வரைக்கும் ஊற்று வற்றாது என்பாள் பாட்டி. நாற்பத்தேழு வீட்டுக்கும் இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான், பைப் போட்டு இறக்கியிருக்கிறோம்.

போன மாதம் பொக்லைன் வந்து சரிவை வெட்டியது. இந்த மாவட்டத்தில் பொக்லைன் இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ராத்திரியில் வந்தது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழாயில் அம்மா பழைய சேலைத் துணியை நான்காக மடித்துக் கட்டி வைத்திருக்கிறாள். இரண்டு குடம் பிடித்து அவிழ்த்தால் உள்ளே செம்மண், வழித்து எடுக்கிற அளவுக்கு. வளர்ச்சி என்று நீங்கள் சொல்வது எங்கள் வீட்டுக்கு இதுவரை இப்படித்தான் வந்திருக்கிறது.

"பட்டா நிலம், அவங்க இஷ்டம்" என்கிறார்கள். மலையில் பட்டா இருந்தால் மட்டும் போதாது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் எதற்கு வந்தது? 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி எதற்கு? மேலே இருப்பவன் செய்கிற வேலை கீழே இருப்பவன் தலையில் இறங்கும் என்பதற்காகத்தான்.

"முதல்ல கட்டட்டும், தப்புன்னா கோர்ட் பாத்துக்கும்" என்பவர்கள் முதுமலைப் பக்கம் இருக்கிற சீகூரைப் பாருங்கள். யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது 2010-ல். அங்கே இருந்த ரிசார்ட்டுகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 அக்டோபரில். பத்து வருஷம். எங்கள் ஊற்று பத்து வருஷம் தாங்காது. கட்டுவதற்கு முன்னால் சொன்னால்தான் உண்டு.

வேலை கிடைக்குமே என்கிறார்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. என் தங்கை இரண்டு வருஷம் ஒரு ரிசார்ட்டில் ரூம் துடைத்தாள். சீசனில் ராத்திரி பதினொரு மணி வரை வேலை, மழைக்காலத்தில் "அப்புறம் கூப்பிடுறோம்". இப்போது திருப்பூரில் இருக்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனசில்லை.

2009 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேல் உயிர் போனது. அன்றைக்கு ராத்திரி எங்கள் லைனுக்குப் பின்னால் மண் இறங்கியது. முதலில் சத்தம் இல்லை, வாசனைதான் வந்தது. ஈர மண்ணைப் பிளந்து வைத்தது போல ஒரு வாசனை. அப்பா எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான்கு ராத்திரி ஸ்கூல் தரையில் படுத்தோம். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு அடுப்படிச் சுவர் இல்லை, அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் மழை வலுத்தால் அம்மா படுக்க மாட்டாள், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பாள்.

ரிசார்ட் வந்தால்தான் மண் சரியுமா என்று உடனே கேட்பீர்கள். இல்லை. மழைதான் சரிக்கிறது. ஆனால் சரிவின் அடிக்காலை வெட்டி, ஓடையை மூடி, மேலே பாரத்தையும் ஏற்றினால் மழைக்கு வேலை சுலபம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மேலே கிளம்பிய மண்சரிவு, முண்டக்கையிலும் சூரல்மலையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எடுத்துக்கொண்டு போனது. அதில் தோட்டத்துப் பாடிகளில், எங்கள் லைன் மாதிரி வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எத்தனை பேர்! எங்களைப் போன்ற கூலிக்காரர்கள்.

இனி, என்னைத் தூங்கவிடாத கமென்டுக்கு வருகிறேன். "சிலோன்லருந்து வந்தவங்க, காட்டை அழிச்சு டீ போட்டவங்க, இவங்க இப்ப மலையைக் காப்பாத்த வந்துட்டாங்க."

சரி, பேசுவோம். தேயிலை சோலையை அழித்துத்தான் வந்தது. அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. இந்த மலையின் பழங்குடிகளான தொதவர்களும் கோத்தர்களும் குறும்பர்களும் எங்களைப் பார்த்து அதைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து சரிவை விலை பேசுகிறவருக்கு வக்காலத்து வாங்குகிற உங்களுக்கு இருக்கிறதா?

என் தாத்தா விருப்பப்பட்டு வரவில்லை. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும், அங்கே இருந்த எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை என்று இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எந்தச் சரிவை வெட்டுவது என்று முடிவு செய்தவர் அவர் இல்லை, மண்வெட்டி பிடித்தவர். அட்டை கடித்த தழும்பு சாகும் வரை அவர் காலில் இருந்தது. அவரைப் புதைத்ததும் இந்த மண்ணில்தான். மூன்று தலைமுறை ஆன பிறகும் ஒரு வாய் தண்ணீரைப் பற்றிப் பேச நாங்கள் எந்த ஊர் என்று காட்ட வேண்டுமா? கட்ட வருகிறவரிடம் யாராவது இதைக் கேட்டீர்களா?

தம்பி, நமக்கெதுக்கு என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பெரியம்மா குழாயில் கட்டியிருக்கிற துணியை நீயே அவிழ்த்துப் பார். அதற்கு அப்புறம் கேள்.

அடுத்த திங்கட்கிழமையும் போகிறோம். வீடியோ எடுத்தவரும் வரட்டும். இந்த முறை எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுப் போடட்டும்.